வாரிசு விசாரணை

கோத்தகிரியில் அன்று காலை உறைபனி.
கேரட் பாத்திகள் உப்புத் தூவினாற்போல் வெளுத்திருக்க
மனு எண் நூற்றுப் பதினான்குடன்
கிராம நிர்வாக அலுவலராகிய நான்
ஹிம்வில்லாவின் கேட்டைத் தள்ளினேன்.

மனுதாரர்: சுனைனா தேவி, வயது எண்பத்தொன்று.
இறந்தவர்: தந்தை ஹிம்மத் பால்,
சௌன்கோட்டின் கடைசி மன்னர்.
சொத்து: முப்பத்தெட்டு சென்ட், ஒழுகும் தகரக் கூரை,
எலிகள் குடியிருக்கும் ஒரு பியானோ.
கூரைமேல் யாரோ ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"தந்தையின் தந்தை பெயர்?" என்றேன்.
படிவத்தில் அதற்கு ஒரே ஒரு கோடு.
அவரோ பதினேழு தலைமுறை மேலேறிப்போய்
கணவாயில் நின்றுகொண்டு பேசத் தொடங்கினார்.

முதல் அரசன், காணாமற்போன செம்மறியைத் தேடி வந்தவன்.
ஆடு படுத்திருந்த இடத்தில் கோட்டை.
மகன் காலத்தில் சுவர் மூன்று முறை சரிந்தது;
நான்காம் முறை கொத்தனை உள்ளே வைத்துக் கட்டினார்கள்.
நின்றது.
துர்ஜய் பால் தம்பியின் கண்களை எடுத்தான்.
தம்பி மகன் துர்ஜயின் மகனுடைய கண்களை.
"மூன்று தலைமுறைக்கு எங்கள் ஊரில்
கைத்தடி செய்தவனுக்குத்தான் நல்ல வருமானம்."
சிரிக்காமல் சொன்னார்.

பத்தொன்பது நாள் ஆண்டவன் ஒருவன்.
காசுக்கு அச்சு வெட்டி முடிப்பதற்குள்
பாடை கட்டிவிட்டார்கள்.
முகமில்லாத அந்தக் காசு
மற்ற ராஜாக்களின் காசைவிட அதிகக்காலம் செல்லுபடியானதாம்.
முகுந்த் பால் கணவாயை வெள்ளைக்காரனுக்கு எழுதிக்கொடுத்தான்,
முப்பத்தாறு துப்பாக்கிக்கும் இந்தப் பியானோவுக்கும்.
பதினொரு பேர் சுமந்து ஏறினார்கள்.
ஏழு பேர் வந்து சேர்ந்தார்கள்.

எங்கள் ஹட்டியில் சாவு விழுந்தால்
செத்தவரின் முன்னோர் செய்ததையும் சேர்த்து
ஒவ்வொரு பாவமாகச் சொல்வார்கள்;
கூட்டம் "பாவம்" என்று பதில் சொல்லும்.
எனக்கு வாய்வரை வந்துவிட்டது.
சீருடை இல்லாவிட்டாலும் நான் அரசு ஊழியர்.
பேனாவை மூடித் திறந்தேன்.

அரியணை போனபோது அப்பா கேட்டது ஒன்றுதானாம்:
போகிற ஊரில் பனி இருக்குமா?
இங்கிருந்து யாரோ ஒரு குமாஸ்தா எழுதினார்: உண்டு.
பொய்யில்லை. நம் பாஷையில்
புல்நுனியில் உட்காருவதும் பனி,
மலையையே மூடிப் படுப்பதும் பனி.
முதல் ஜனவரியில், விடியற்காலை
வெறுங்காலோடு தோட்டத்தில் இறங்கி
இரு கையாலும் வழித்து அள்ளினாராம் மன்னர்.
முகத்தருகே கொண்டுவருவதற்குள்
முழங்கை வழியே ஒழுகிவிட்டது.
"ஒன்பது மணிக்கு ஒன்றுமே இல்லை.
அன்றுதான் அப்பா பதவி இறங்கினார்."

கடைசிக் கேள்விக்கு வந்தேன்.
வேறு வாரிசு உண்டா?
வழக்கமாக எல்லோரும் அவசரமாக இல்லை என்பார்கள்.
இவர் மேலே பார்த்தார்.
சுத்தியல் நின்று, மறுபடி தொடங்கியது.

"எழுதுங்கள். தம்பி.
தாயார் செல்லாயி, தேயிலைத் தோட்டத் தொழிலாளி.
வயது அறுபத்து நான்கு. பெயர் பால்ராஜ்."

இந்த மலையில் எத்தனை பால்ராஜ்!
டீ ஃபேக்டரியில் இரண்டு, போஸ்ட் ஆபீஸில் ஒருவர்.
எழுதி முடித்த பிறகுதான் கண்ணில் பட்டது:
செல்லாயி என்னமாய் ஒளித்து வைத்திருக்கிறாள்,
ரேஷன் கார்டில், பள்ளிப் பதிவேட்டில்,
எல்லோர் வாயிலும், பட்டப்பகலில்.

சட்டத்தில் இடம் உண்டா என்பதைத்
தாசில்தார் பார்த்துக்கொள்ளட்டும்.
நான் எழுதியது இரண்டாம் வரி, நீல மையில்.

கையெழுத்துக்கு ஏணியிலிருந்து இறங்கினார்.
உள்ளங்கையெல்லாம் தார். இரண்டு கண்ணும்
நன்றாகத் தெரிகின்றன; கண்ணாடிகூட இல்லை.
தாளை வாசிக்காமல் போட்டுவிட்டு
அக்காவிடம் சொன்னார்:
"இன்னும் நாலு தகரம் வேணும்.
மேற்குப் பக்கம் மொத்தமா போச்சு."