புதுத் தாளுக்கு ஐந்து ரூபாய்

தர்மபுரி ஆட்சியர் அலுவலக மதிலோரம்
மனு எழுதும் பச்சையப்பர்
பெயர் கேட்கும் முன்பே ஆரம்பித்துவிட்டார்:
ஐயா, நான் மிகவும் ஏழ்மையான,
ஆதரவற்ற,
தாங்கள் கருணை கூர்ந்து

நிறுத்துங்க என்றேன்.
ஏழை என்பது சரி.
தக்காளி மண்டியில் இன்றைய கூலி போனது.
ஆதரவற்ற என்பதை எடுங்க, என் புருஷன்
பெங்களூரில் சென்ட்ரிங் பலகைமேல்
உயிரோடு நிற்கிறார்.
கருணையையும் எடுங்க.

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்,
பிறகு என் இடுப்பில் இருந்த யோகிதாவை.
பத்து வயது. அவள் கால்கள்
என் முழங்காலைத் தாண்டித் தொங்கும்.
பென்ஷனுக்கா?
இல்லை,
மாடியில் இருக்கும் ஐந்தாம் வகுப்பைக்
கீழே கொண்டுவர.

நாலாவதுவரை தரைத்தளத்தில் படித்தாள்.
ஜூன் மாதம் அவளை விட்டுவிட்டு
வகுப்பு பதினெட்டுப் படி ஏறிப் போய்விட்டது.
தலைமையாசிரியர் நல்லவர், தணிந்துதான் சொன்னார்:
வீட்டிலேயே வெச்சுக்கங்கம்மா,
வாரம் ஒருநாள் டீச்சர் வருவாங்க,
பேர் ரிஜிஸ்டர்ல இருக்கும்.
ஒன்றரை மாதம்
அவள் பெயர் மட்டும் மாரண்டஅள்ளிப் பள்ளிக்குப்
போய் வந்தது.
மறுபடி போய் நின்றபோது குரல் மாறியிருந்தது:
ஒருத்திக்காக முப்பது பிள்ளைகளை இறக்கணுமா,
உங்க பொண்ணுக்கு மட்டும் என்ன கொம்பா?

சாய்தளம் இருக்கிறது, அதையும் எழுதுங்க.
அதில் ஆசிரியர்களின் வண்டிகள் நிற்கின்றன.

இதெல்லாம் உனக்கு யாரம்மா சொன்னது?

வட்டார வள மையத்தில்
கால் பயிற்சிக்குக் காத்திருக்கும் பெஞ்சில்
பக்கத்தில் உட்காரும் சகாயமேரி.
பார்வையில்லாத மகனை ஒரு கையிலும்
நகல்கள் கனக்கும் கட்டைப்பையை மறு கையிலும்
பிடித்தபடியே சொன்னாள்:
வாயால கேட்டா மறந்துடுவாங்க.
எழுதிக் கேட்டா,
மறக்கிறதுக்கும் ஒரு தேதி போடணும்.

கேஸ் ரசீதின் பின்பக்கம் நான் குறித்து வைத்ததை
எழுத்துக்கூட்டிப் படித்தேன்:
இரண்டாயிரத்துப் பதினாறாம் வருடச் சட்டம்,
முப்பத்தியோராம் பிரிவு,
ஆறு முதல் பதினெட்டு வயது,
நாற்பது சதவீதம் போதும்
(இவளுக்கு எழுபத்தைந்து,
இந்த ஒரு பரீட்சையில்தான் இத்தனை மார்க்),
வீட்டுக்கு அருகில் உள்ள பள்ளி.
அருகில் உள்ள என்பதை அழுத்திப் படித்தேன்.
எங்கள் வாசலில் நின்றால்
பள்ளி மணி கேட்கும்.
கேட்டதும் இவள் தோள் துள்ளும்.

பச்சையப்பர் எழுதியதைத் தூக்கிப் பார்த்தார்.
அடித்தல் திருத்தலோட உள்ளே வாங்க மாட்டாங்க.
புதுத் தாள். ஐந்து ரூபாய் ஆகும்.
கொடுத்தேன்.
கருணையை நீக்க ஐந்து ரூபாய்.
அன்று மண்டியில் தக்காளி
கிலோ நாலு ரூபாய்.

மனுதாரர் பெயர்?
என் பெயரைச் சொல்ல வாயெடுத்து,
யோகிதா, ஐந்தாம் வகுப்பு என்றேன்.
கையெழுத்து?
பேனாவை அவள் விரலிடுக்கில் செருகினேன்.
கையைப் பிடிக்கவில்லை.

முதலில் கொம்பு வந்தது.
இரட்டைக் கொம்பு,
பெரிதாக, வலப்பக்கம் சரிந்து.
பின்னால் வரிசை முனகியது.
பட்டா கேட்டு வந்த பென்னாகரத்துக்காரர்
இரண்டு முறை மணி பார்த்தார்.
பிறகு ய.
அதற்குள் பாலக்கோட்டு பஸ் ஒன்று போய்விட்டது.
துணைக்கால் மட்டும்
தாளுக்குள் நிற்காமல் நழுவி
மேசைப் பலகையில் இறங்கி
நீளமாகப் போனது.

பச்சையப்பர் ஈரத்துணியை எடுத்தார்.
இருக்கட்டும் என்றேன்.
அடுத்த திங்களும் வரவேண்டியிருக்கலாம்,
எந்த மேசை என்று தெரியும்.