குன்றின் மேல்

படிவத்தின் ஆறாம் கேள்வி:
கையை நீட்டி அளந்தால் எவ்வளவு பெரிது?
பட்டாணியா, நாணயமா, ஆரஞ்சுப் பழமா?
ஆட்டின் கண்ணளவு என்றார் நாவெல்கிர்,
ரோமம் கத்தரித்த கையைக் கழுவாமலே.

சூபூத்தில் காற்றுக்கு ஓய்வில்லை.
என் கோப்பில் நாற்பது வெளிச்சங்கள்.
பத்தொன்பது, வெள்ளி கிரகம்.
பதினொன்று, கணவாய்க்கு விளக்குப் பிடிக்கும் கப்பல்கள்;
அவை வந்துவிட்டால்
அடிவானம் ஒரு ஊராகிவிடும்.
ஒன்று, எலுனெட் பியூ அம்மாளின் மருமகன்.
அந்நேரத்தில் எங்கே போய் வந்தான்
என்று நான் எழுதவில்லை.
மீதி ஒன்பதுக்கு நேரே வெறும் கோடு.

அதில் ஒன்றுக்காகத்தான்
மே மாதம் மூன்று இரவுகள்
முள்புதர்க் குன்றில் ஏறினேன்,
திசைகாட்டி, ஃபிளாஸ்கில் வெந்நீர்,
நெற்றியில் கட்டிய விளக்கு.
கிடைத்தது ஒரு குவானாக்கோவின் தாடை எலும்பு.
போனது இடக்கைக் கையுறை.

ஜூனில் வந்தது நாற்பத்தொன்றாவது.
நாவெல்கிரின் மகள் இர்மா,
கோடு போட்ட தாளில்:

“வெள்ளை. ரொம்ப மெதுவு.
நிற்கும், குனியும், மறுபடி போகும்.
போன வழியே திரும்பி வந்து
ஒரே இடத்தை இரண்டு முறை சுற்றியது.
எதையோ தொலைத்துவிட்டதுபோல் இருந்தது.
நாய் குரைக்கவில்லை.
பாவம், கூப்பிடலாமா என்றார் அப்பா.
அதற்குள் அணைந்துவிட்டது.”

அளவு: அரிசி.
தேதிகள்: மூன்றும் சரி.

“அடையாளம் தெரிந்தது” முத்திரையை
இழுப்பறையில் தேடி எடுத்தேன்.
மை காய்ந்திருந்தது.
எச்சில் தொட்டுக் குத்தினேன்.
பாதிதான் விழுந்தது.