முசுட்டை

ராத்திரி ஷிப்டு முடிந்து
சோமனூர் இட்டேரியில் சைக்கிளைத் தள்ளி வருகையில்
கிளுவை வேலிமேல் வெள்ளை வெள்ளையாய்.
யாரோ துணி உலர்த்தி
எடுக்க மறந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

முசுட்டை.
நேற்றுவரை அங்கே ஒரு கொடி இருந்ததே
கண்ணில் படவில்லை.

ஆடியில் பிடித்த காற்று
புரட்டாசி கடந்தும் விடாமல்
இழைக்கு இழை அறுத்தது.
முடிச்சுப் போட்டே விரல்நுனி வழவழத்துவிட்டது.
இனி ஈரம் இறங்கும்,
பாவு சொன்னபடி கேட்கும்.
முதலாளி அதைப்
புதுக் கஞ்சியின் கைங்கரியம் என்பார்.

துளசிமணி ஒன்றைக் கிள்ளி
முகர்ந்து பார்த்தாள்:
"கிராம்பு வாசமுங்க்கா.
வெயில் ஏறுனா சுருண்டுக்கும்,
இப்பவே பாருங்க."

என் மூக்கு முழுக்கப் பஞ்சு.
காதுக்குள் தறி இன்னும் நிற்கவில்லை.
கிராம்புதான் என்றேன்.