புறப்புண்

முகத்தில் ஒரு கோடு இருக்கக் கூடாது.
அதுதான் ஆர்டர்.
உலோகம் எல்லாம் பின்பக்கம் போகட்டும்,
வெயிலை மறிக்கும் எதுவும்
முன்னால் நிற்க வேண்டாம்.

நெஞ்சில் வாங்கினால் வீரம்,
முதுகில் வாங்கினால் மானக்கேடு என்று
பள்ளியில் ஒப்பித்துப் பரிசு வாங்கியவன் நான்.
கான்பெராவில், ஜூலையில், மைனஸ் நாலில்,
முதுகில் மட்டும் காயம் செய்யும்படி
லேசருக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.
தகட்டுக்கு நாற்பதாயிரம் புள்ளி.
ஒவ்வொன்றும் தலைமுடியில் பாதி.

பின்னால் இரண்டு சீப்புகள்
பல்லுக்கிடையில் பல் நுழைத்து, தொட்டுக்கொள்ளாமல்.
ஒன்று எலக்ட்ரானுக்கு.
மற்றது, எலக்ட்ரான் எழுந்துபோன
காலி நாற்காலிக்கு.
காலி நாற்காலியும் நகரும், கணக்கில் வரும்,
அதற்கும் ஒரு வாசல் வேண்டும்.
பற்கள் தொட்டால் ஷார்ட்.
தள்ளிப்போனால் நடுவழியில்
இரண்டும் சந்தித்து, இரண்டும் இல்லை.
எவ்வளவு தள்ளி என்று கண்டுபிடிக்கத்தான்
எனக்கு இரண்டு வருட விசா.

இங்கே ஆயுள் பார்ப்பதும் நானே.
கட்டமும் இல்லை, ராசியும் இல்லை.
ஒரு ஃபிளாஷ், ஒரு வளைகோடு.
நாலு மில்லிசெகண்ட் என்றால் தீர்க்காயுசு.

அறுபத்து மூன்றாம் பேட்ச்சிலிருந்து
ஆயுள் குறைந்தது.
இருட்டுப் பெட்டியில் மினுங்கவைத்துப் படமெடுத்தோம்.
தகடு முழுக்க நிலவொளி,
வலது ஓரத்தில் மட்டும்
நகம் அளவு ஒரு கரும்பிறை.
எல்லாத் தகட்டிலும். அதே இடத்தில்.

உலைதான் என்றான் ஹாமிஷ்.
குவார்ட்ஸ் குழாயைக் கழற்றி அமிலத்தில் ஊறப்போட்டோம்.
பிறை.
வாயு சிலிண்டரை மாற்றினோம், கழுவும் தண்ணீரை மாற்றினோம்.
பிறை.
நடுவில் நியூகாசில் தொழிற்சாலையின் போன்:
எத்தனை படி? பதினாலு.
ஒன்பதாக்கு.
வெள்ளி எதற்கு, செம்பு போடு.
சரி என்றேன். பிறையைச் சொல்லவில்லை.

அப்புறம் எனக்குக் காய்ச்சல்.
இரண்டு நாள் என் வரிசையைத் துயெத் ஓட்டினாள்,
பதினெட்டு வருடமாக இந்த அமிலத் தொட்டிகளோடு
சண்டையும் சமாதானமுமாக இருப்பவள்.
திரும்பி வந்து படத்தைத் திறந்தால்
பிறை இடது ஓரத்தில்.

ஹாமிஷ் உலையைப் பார்த்தான்.
நான் அவனைப் பார்த்தேன்.
துயெத் ஒன்றும் சொல்லாமல்
இடது கையால் இடுக்கியை எடுத்து
என் முன்னால் வைத்தாள்.

மூன்று வாரம்.
நான் பிடித்த இடம் அது.
கீழே போட்டுவிடுவேனோ என்று
ஒவ்வொன்றையும் கொஞ்சம் இறுக்கி,
கொஞ்சம் பிரியமாகவே,
பிடித்த இடம்.

இப்போது பிடிப்பதில்லை.
மூன்று முனையில் ஏந்தும் தட்டு ஒன்றைத்
துயெத்தும் பட்டறை லொரென்சோவும் கடைந்தார்கள்.
ஓரத்தின் ஓரத்தில் மட்டும் தாங்கும்.
தகடு அதில் ஏறும், இறங்கும்,
யாரும் தொட்டதாகத் தெரியாது.
பலன்: பூஜ்யம் புள்ளி மூன்று சதவீதம்.
சிரிக்காதீர்கள்.
பூஜ்யம் புள்ளி ஒன்றுக்கு ஹாமிஷின் பழைய கம்பெனியில்
கேக் வெட்டுவார்களாம்.

விடிந்ததும் ஒன்றை ஜன்னலில் வைத்தேன்.
வெளியே புல்லெல்லாம் வெள்ளை,
கார் கண்ணாடியை யாரோ
நூலக அட்டையால் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.
கோடில்லாத கருமையில் ஒரு மேக்பை குறுக்கே பறந்தது,
பிறகு என் முகம்,
தூங்காத முகம், அதில் மட்டும் கோடுகள்.

திங்கட்கிழமை புதுப் பிரச்சினை.
கம்பியைப் பற்றவைத்து ஆறவைத்தால்
தகடு வளைகிறது, அப்பளம் போல.
முன்னால் எதுவும் இல்லை,
பாரமெல்லாம் பின்னால்.
வளையாமல் என்ன செய்யும் என்கிறாள் துயெத்,
இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபடி.