மாமிசம்: இருபத்தொரு நாள்

புட்டியின் வயிற்றில் எறும்பெழுத்தில் அச்சிட்டிருந்தது:
மாமிசம், இருபத்தொரு நாள்.
படிக்காமல் இல்லை.
ரெமி கிடாயின் பிடரியை அமுக்கிக்கொள்ள
ஊசி போட்டது நான்.

லெ தாம்போன் மேட்டை விட்டு
அந்த வாரம் மேகம் இறங்கவே இல்லை.
கிடாய் இருமியது, ஆள் இருமுவதைப் போலவே;
ராத்திரியில் இரண்டு முறை
"யாரது?" என்று கேட்டுவிட்டேன்.
மஞ்சள் மருந்து, நாலு மில்லி.
மூன்றாம் நாள் தீனிக்கு முட்டியது.

பதினோராம் நாள் ஃப்ரெதி சினபாயெல்
வண்டியை அணைக்காமலே கேட்டான்:
காளிக்கு நேர்ந்தது, முழுக் கறுப்பு, மறு கூடாது,
இந்த மலையில் வேறெங்கே போவேன்?
மறு இல்லைதான்.
வெளியே தெரியும்படி எதுவும் இல்லை.

பதிவேட்டில் 12 என்று இருந்தது.
சவர அலகால் ஒன்றைச் சுரண்டினேன், மூச்சை அடக்கி.
2 மிஞ்சியது.
விற்ற தேதி 23. கணக்கு நேரானது.
வெளிச்சத்தில் பிடித்தால் மட்டும்
காகிதம் அந்த இடத்தில் கொஞ்சம் வெளுத்திருந்தது.

கோயிலுக்குக் கால்நடைத் துறையிலிருந்து ஒருத்தி வந்தாளாம்,
செருப்பைக் கழற்றிவிட்டு
சிறுநீரகத்தில் ஒரு துண்டு கேட்டாளாம்.
பாவம், பசி போலும் என்று
வாழையிலையில் வைத்துக் கொடுத்தார்களாம்.
அறுநூறு வரை அனுமதி.
எங்கள் கிடாயில் இரண்டாயிரத்து நாற்பது.

சேன்-பியேர் நீதிமன்றத்தில்
சட்டத்தை எண் எண்ணாக வாசித்தார்கள்:
காத்திருப்புக் காலம் மீறியது ஒன்று,
பதிவேட்டைத் திருத்தியது ஒன்று.
"யார் யார் உண்டார்கள்?" என்றார் நீதிபதி.
"முதலில் காளி. அப்புறம் நாற்பத்து மூன்று குடும்பம்," என்றான் ஃப்ரெதி.
தட்டச்சு செய்த பெண் விரலை நிறுத்தி
நீதிபதியைப் பார்த்தாள்.
"குடும்பங்களை மட்டும் எழுதுங்கள்."

"இது யார் கையெழுத்து?"
"என்னுடையது," என்றான் ரெமி.
அவன் எழுத்து கொம்பு நீட்டி நிற்கும்;
என்னுடையது இடப்பக்கம் சாயும்.
நீதிபதி பதிவேட்டைப் பார்த்தார், அவன் கையொப்பத்தைப் பார்த்தார்,
மூன்றாம் வரிசையில் என்னைப் பார்த்தார்.
நான் எழுந்திருக்கலாம்.
பெஞ்சின் விளிம்பில் யாரோ ஒட்டிய சூயிங்கம்
விரலில் பட்டது. அதையே தடவிக்கொண்டிருந்தேன்.

மூவாயிரம் யூரோ. ஆறு மாதம் விற்கத் தடை.
தீர்ப்பின் தலையில்: வெலாய்தோன், ரெமி.

வேலாயுதம் என்று கப்பலேறி வந்தவனை
இப்படிச் சுரண்டி எழுதிய குமாஸ்தாவுக்கு
எவ்வளவு விதித்தார்கள் என்று
திரும்பும் பேருந்தில் கேட்க நினைத்தேன்.
கேட்கவில்லை. அது வேறு வழக்கு;
என் அலகை அதற்குள் ஒளிக்க முடியாது.
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்
பெயரெச்சம் என்றொரு பாடம் வந்தபோது
நான் மட்டும் சிரித்தேன்.
என்ன சிரிப்பு என்று யாரும் கேட்கவில்லை.

ரெமி ஒரு வார்த்தை சொல்லவில்லை, இன்றுவரை.
தட்டைக் கழுவி வைக்கிறான். கொட்டகைக்குப் போகிறான்.
எனக்குக் காத்திருப்புக் காலம் எத்தனை நாள்?
எந்தப் புட்டியிலும் இல்லை.

நேற்று சின்னப் பெட்டைக்கு இருமல்.
மஞ்சள் மருந்து, இரண்டு மில்லி.
தேதியை எண்ணால் போடாமல்
எழுத்தால் எழுதினேன்: பத்தொன்பது.
ரெமி எட்டிப் பார்த்தான்.
பேனாவை வாங்கி
மாதத்தை அவன் கையால் எழுதினான்.
மை காயும்வரை
பக்கத்தைத் திறந்தே பிடித்திருந்தான்.