சாய்வு

அமைச்சகத்தின் எட்டாம் மாடியில் என் வேலை இது:
ஒவ்வொரு பள்ளியும் ஒரு புள்ளி.
படுத்த அச்சில், ஒரு பிள்ளைக்கு ஆன செலவு, துக்ரிக்கில்.
நிமிர்ந்த அச்சில், அந்தப் பிள்ளை எடுத்த மதிப்பெண்.
நடுவே ஒரு கோடு இழுத்தால்
அதன் சாய்வு மந்திரிக்கு வேண்டும்.
அதைக் கொண்டுபோய்
இன்னொரு கோட்டின் காலடியில் வைப்பார்:
மதிப்பெண் இவ்வளவு ஏறினால்
நாடு இவ்வளவு ஏறும், இருபது ஆண்டில்.

தாமிரம் விலை ஏறினாலும் நாடு ஏறுகிறது.
அதற்கு யாரும் பரீட்சை எழுதுவதில்லை.

ஒரு புள்ளி மட்டும் சொன்ன பேச்சு கேட்கவில்லை.
உலான்பாத்தரின் வடக்கு விளிம்பில்
கூடாரக் குடியிருப்புகளுக்கு நடுவே
மூன்று ஷிஃப்ட் நடக்கும் பள்ளி.
செலவு அடிமட்டம். கணக்குப் பாடத்திலோ
கோட்டுக்கு மேலே, வெகு மேலே,
வேலி தாண்டிய ஆடு மாதிரி தனியாக நின்றது.
"பதிவுப் பிழை. தூக்கிவிடு" என்றார் பத்செங்கெல்,
என் மேலதிகாரி, தேநீரிலிருந்து தலை தூக்காமல்.

தூக்கவில்லை. பஸ் ஏறினேன்.
டிசம்பர். மாலை ஏழு. மைனஸ் முப்பத்தொன்று.
கரிப்புகையில் தெருவிளக்குகள்
வேகாத முட்டைக் கருவாய் மிதந்தன.

மூன்றாம் ஷிஃப்ட் முடிந்திருந்தது.
பிள்ளைகள் போகவில்லை.
கொதிகலன் அறையை ஒட்டிய நடைவழியில்
முப்பது பேர், கோட்டைக் கழற்றிப் போட்டு
வயிறு தரையில் பட எழுதிக்கொண்டிருந்தார்கள்.
வீட்டு அடுப்பு இன்னும் பற்றியிருக்காது.
அம்மா வர ஒன்பதாகும்.
இங்கே தரை சுடுகிறது.

அரையால் வகுத்தால் ஏன் இரண்டு மடங்காகிறது
என்று நோமுந்தரி என்னைக் கேட்டாள்.
எண்களோடு பிழைக்கிறவன் நான், திணறினேன்.
"ஒரு ரொட்டியில் எத்தனை அரை இருக்கு?
அதானே கேள்வி" என்றான் பக்கத்துப் பையன்
பென்சிலைக் கடித்தபடி.

கரி தள்ளுகிறவள் சைன்சயா.
ஏட்டின்படி ஆறரைக்கு அவள் வேலை முடிகிறது.
பிள்ளைகளுக்காகவா என்றேன்.
"குழாய் உறைஞ்சிடும். அதுக்குத்தான்" என்றாள்
நடைவழிப் பக்கம் திரும்பாமலே.

இரவு செலவுப் பட்டியலில் தேடினேன்.
சம்பளம் உண்டு, சாக்பீஸ் உண்டு,
உடைந்த கண்ணாடி, கழிப்பறைக் கதவு, எல்லாம் உண்டு.
சுடும் தரைக்குக் கட்டம் இல்லை.
அடிக்குறிப்பில் நாலு வரி எழுதி
புள்ளியை விட்டுவைத்தேன்.

வசந்தத்தில் மந்திரி அதைத் திரையில் பெரிதாக்கினார்.
"பாருங்கள், மிகக் குறைந்த செலவு,
மிக உயர்ந்த மதிப்பெண்!
பணமல்ல நண்பர்களே, திறமை!"
பெரிதாக்கியதில் அடிக்குறிப்பு
திரைக்கு வெளியே போய்விட்டிருந்தது.
கைதட்டினார்கள்.
நானும் இரண்டு தட்டு தட்டியிருப்பேன்.

இலையுதிர் காலத்தில் கொதிகலன் தணிக்கை வந்தது.
ஆறரைக்கு மேல் கரி கிடையாது.
நடைவழிக்குப் பூட்டு.
மறு ஆண்டு அந்தப் புள்ளி
சாதுவாக இறங்கிவந்து கோட்டின்மேல் உட்கார்ந்தது.
பொருத்தம் கூடியிருக்கிறது என்று
பத்செங்கெல் என் தோளில் தட்டினார்.

அந்தப் பள்ளியிலிருந்து கூடாரங்களுக்கு
ஒரு மேடு ஏற வேண்டும்.
ஊற்றிய தண்ணீரெல்லாம் உறைந்து கிடக்கும்.
அன்றிரவு அந்தப் பக்கம் போய்ப் பார்த்ததில்
நான் இரண்டு முறை விழுந்தேன்.
இப்போது ஆறே முக்காலுக்கு
அவர்கள் ஏறிக்கொண்டிருப்பார்கள், இருட்டில்,
நோட்டைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு.

அந்தச் சாய்வு எவ்வளவு என்று
இதுவரை யாரும் என்னிடம் கேட்கவில்லை.