சான்றுப் பொருள் மூன்று

மகஜரில் ஏட்டையா எழுதியிருந்தது:
‘கஞ்சா ஆயில், முப்பது மில்லி, பாட்டில் ஒன்று.’
சிம்மக்கல் கூரியர் ஆபீசில்
பார்சலைப் பிரித்தபோது என்ன வாசம் வந்தது
என்று எழுதவில்லை.
எழுதியிருந்தால் என் வேலை பாதி குறைந்திருக்கும்.

நான் மொழிபெயர்ப்புப் பிரிவு.
மின்விசிறிக்குப் பயந்து
தாள்களின் மேல் செங்கல் வைத்திருக்கும் அறை.
ஆய்வகம் இங்கிலீஷில் அனுப்பிய ஒரே ஒரு பக்கம்
தமிழாக வேண்டும்.
வியாழக்கிழமை வாய்தா.

இது ஹெம்ப் விதை எண்ணெய், என்கிறது அறிக்கை.
ஹெம்ப் என்றால் சணல், என்கிறது அகராதி.
சணலை எனக்குத் தெரியும்.
கீழமாசி வீதியில் துவரம்பருப்பு மூட்டையின் வாயைத்
தைத்திருப்பது அது.
அதன் விதையை ஆட்டி
நாலாயிரத்து இருநூறு ரூபாய்க்கு
யாரும் விற்பதில்லை.

சணல் என்று போட்டுவிட்டால்
ஜெயக்கொடி தினமும் பத்தரைக்கு
ஸ்டேஷனில் இடும் கையெழுத்து
இந்த வாரத்தோடு நின்றுவிடும்.
தப்பான சொல்தான். நல்ல சொல்.

கஞ்சா விதை எண்ணெய் என்பது
சரியான சொல்,
ஆனால் கேட்கிற காது
முதல் வார்த்தையிலேயே கதவைச் சாத்திக்கொள்ளும்.

சட்டப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன்.
அதற்கு விவரம் தெரிந்திருக்கிறது.
பூவும் காயும் வைத்த நுனி, கஞ்சா.
நுனி சேராமல் தனியாக வந்தால்
விதை கஞ்சா இல்லை, இலையும் இல்லை.
செடியில் கசிகிற பிசின் வேறு, அதற்குப் பேர் சரஸ்.
பிசினைக் கரைத்து இறுக்கிய கரும்பாகு,
ஹசிஷ் எண்ணெய்,
அது கொண்டுபோய்ச் சேர்க்கும் இடமும் வேறு.
ஒரு செடிக்குள் ஒரு தெருவே குடியிருக்கிறது.
ஏட்டையா எல்லாருக்கும்
ஒரே கதவு எண் போட்டுவிட்டார்.

இதில் எண்ணெய் என்ற சொல்லையாவது நம்பலாமா?
எள்ளின் நெய்தான் எண்ணெய்.
அப்புறம் தேங்காய் வந்து அதே பெயரைப் போட்டுக்கொண்டது.
கடலை, வேம்பு, புன்னை,
மண்ணுக்கடியிலிருந்து ஏறி
ரேஷன் கடை வரிசைக்கு வந்ததும்கூட.
மண்ணெண்ணெயில் எள் எங்கே என்று
இதுவரை ஒருவரும் மனுப் போடவில்லை.

கடைசியில் எழுதினேன்:
‘கஞ்சாச் செடியின் விதையை மட்டும் ஆட்டி எடுத்த எண்ணெய்;
போதைக் கூறு காணப்படவில்லை.’
‘கட்டத்துக்குள்ள அடங்காது மேடம், சுருக்குங்க’
என்றார் டைப்பிஸ்ட் ரத்தினசபாபதி.
கட்டத்தைப் பெரிசாக்கச் சொன்னேன்.
முறைத்துக்கொண்டே பெரிசாக்கினார்.

அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது.
அதையும் தமிழாக்கினேன்,
சம்பளம் அதற்கும் சேர்த்துத்தான்.
‘லேபிளில் அச்சிட்டுள்ள சிபிடி என்ற கூறும்
காணப்படவில்லை.’

வியாழன். வராந்தா பெஞ்சில் ஜெயக்கொடி.
பக்கத்தில் ஏழு வயசுப் பையன்.
விழுந்தால் மண்டை உடையாமல் இருக்க
தலையில் சைக்கிள் ஹெல்மெட்.
‘என்னங்க எழுதியிருக்கு?’
உங்களுக்கு ஒண்ணும் ஆகாது என்றேன்.
அது வெறும் விதை எண்ணெய்.
‘அப்ப மருந்து இல்லீங்களா?’

மொழிபெயர்க்க என் கையில்
அப்போது தாள் எதுவும் இல்லை.

‘மொதப் பாட்டில்ல ஒம்பது வாரம்
அவனுக்கு வரலையேங்க.
ஒம்பது வாரம். நான் காலண்டர்ல கிழிக்காம வச்சிருக்கேன்.’

அதற்கு அறிக்கையில் கட்டம் கிடையாது,
சின்னதாகக்கூட.
பையன் சுவரில் சாய்ந்து
ஹெல்மெட்டால் டொக், டொக் என்று
தட்டிக்கொண்டிருந்தான்.

உள்ளேயிருந்து டவாலி கூப்பிட்டார்:
‘ஜெயக்கனீ... ஜெயக்கனீ...’

அதற்கும் எழுந்துதான் போனாள்.